வைட்டமின் என்றால் பெயர் இருக்குமே!

வாசகர் கேள்விகள்: பதில் தருபவர், ஓய்வுபெற்ற தடகளப் பயிற்சியாளர்

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். வயது 16. குண்டு எறிதலில் மாவட்டத்தில் முதலிடம். மூன்று மாதமாகப் புதிய பயிற்சியாளரிடம் போகிறாள். அவர் தினமும் இரண்டு மாத்திரை கொடுத்துத் தன் எதிரிலேயே விழுங்கச் சொல்கிறாராம். கேட்டால், "வைட்டமின்தான்" என்கிறாராம். எறியும் தூரம் கூடியிருக்கிறது. ஆனால் முகமெல்லாம் பரு. குரலும் கரகரக்கிறது, சளி என்று நினைத்தேன். நேரில் போய்க் கேட்டால் அவர் கோபித்துக்கொண்டு இவளை ஒதுக்கிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.
— பெயர் வெளியிட விரும்பாத தாய், நாமக்கல்

பதில்: கேளுங்கள் அம்மா. இன்றைக்கே கேளுங்கள். இனி அவள் அந்த மாத்திரையைத் தொட வேண்டாம். வைட்டமின் என்றால் அட்டையில் பெயர் இருக்கும், கம்பெனி இருக்கும், காலாவதி தேதி இருக்கும். அட்டையைக் காட்டாமல், கண்ணெதிரே விழுங்கச் சொல்லும் வைட்டமினை என் முப்பது வருடப் பயிற்சியில் நான் பார்த்ததில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது குரல் பற்றிய அந்த ஒரு வரிதான். என்னிடம் வட்டு எறியப் பழகிய பெண் ஒருத்தி கோடை விடுமுறையில் வெளியூரில் வேறொருவரிடம் பயிற்சிக்குப் போய்விட்டுத் திரும்பினாள். "மேடம்" என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள். யாரோ பையன் என்று நினைத்துத் திரும்பினேன். மேலுதட்டைத் துப்பட்டாவால் மறைத்தபடி அவள் நின்றிருந்தாள். இப்போது அவளுக்கு இரண்டு குழந்தைகள். போனில் பேசுகிற அந்நியர்கள் இன்றும் அவளை "சார்" என்றுதான் அழைக்கிறார்கள். கட்டைக் குரல் அப்படியே நின்றுவிட்டது.

"வைட்டமின்" என்று சொல்லிப் பிள்ளைகளுக்கு ஊக்கமருந்து கொடுப்பதை ஒரு நாடே திட்டம் போட்டுச் செய்திருக்கிறது. அந்தக் கிழக்கு ஜெர்மனியில் 1974 முதல் இது அரசின் ரகசியத் திட்டம். மருந்தின் பெயர் ஓரல் டூரினபால். சின்ன நீல மாத்திரை. ஹைடி கிரீகர் என்ற குண்டு எறியும் பெண்ணுக்கு உங்கள் மகளின் வயதில்தான் அதைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அவருக்கும் வைட்டமின் என்றே சொன்னார்கள். 1986-இல் மட்டும் சுமார் 2,600 மில்லிகிராம் அவர் உடலுக்குள் போயிருக்கிறது. சியோல் ஒலிம்பிக்கில் ஊக்கமருந்துக்காகப் பிடிபட்ட கனடா ஓட்டக்காரர் பென் ஜான்சன் 1988-இல் எடுத்துக்கொண்டதாகக் கணக்கிடப்பட்டதைவிட இது ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் அதிகம். அதே 1986-இல் ஸ்டுட்கார்ட்டில் 21.10 மீட்டர் எறிந்து கிரீகர் ஐரோப்பிய சாம்பியன் ஆனார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் படித்தால் நெஞ்சு பதறுகிறது. தசை வளர்ந்த வேகத்துக்கு மூட்டுகள் ஈடுகொடுக்கவில்லை. முதுகு, இடுப்பு, முழங்கால் எல்லாம் கெட்டு, களத்தை விட்டு விலகினார். உடலும் குரலும் ஆணுக்குரியவையாக மாறிப்போயிருந்தன. 1997-இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஆண்ட்ரியாஸ் ஆனார். தன் பாலினம் பற்றிய குழப்பம் தனக்கு முன்பே இருந்தது என்றும், ஆனால் அதைத் தானே முடிவு செய்யும் வாய்ப்பை அந்த மாத்திரைகள் பறித்துவிட்டன என்றும் அவர் சொல்லியிருக்கிறார். 2000-இல் அந்த ஊக்கமருந்துத் திட்டத்தை நடத்தியவர்கள் மீது பெர்லினில் வழக்கு நடந்தபோது, அதே மாத்திரையால் பாதிக்கப்பட்ட ஊட்டே கிராவுசே என்ற நீச்சல் வீராங்கனையைச் சந்தித்தார்; பின்னர் இருவரும் மணந்துகொண்டார்கள். நாட்டின் விளையாட்டுத் துறைத் தலைவராக இருந்த மான்ஃப்ரெட் எவால்டுக்குக் கிடைத்தது 22 மாதத் தண்டனை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. சிறைக்கு அவர் போகவில்லை. எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை.

இந்த மருந்துகள் டெஸ்டோஸ்டீரான் என்ற ஆண் ஹார்மோனின் செயற்கை வடிவங்கள்; அனபாலிக் ஸ்டீராய்டு என்பார்கள். (ஆஸ்துமாவுக்கு மருத்துவர் கொடுக்கும் ஸ்டீராய்டு வேறு, அதை யாரும் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.) வளர்கிற பிள்ளைகளுக்கு எலும்பு வளர்ச்சி சீக்கிரமே நின்றுவிடலாம். மாதவிடாய் தவறும், கல்லீரலும் இதயமும் கெடும். பரு, மருந்தை நிறுத்தினால் மறையும். தடித்த குரல்நாண் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

மீதமிருக்கும் மாத்திரை ஒன்று கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு ஹார்மோன் சிறப்பு மருத்துவரிடம் போங்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று மகளிடம் தனியாகக் கேளுங்கள். அவளைத் திட்டாதீர்கள், அவள் நம்பியவர் கொடுத்ததை விழுங்கினாள், அவ்வளவுதான். ஊக்கமருந்துப் பரிசோதனையில் அவள் சிக்கினால் அந்தப் பயிற்சியாளரின் கோபம் உங்களுக்குப் பெரிதாகத் தெரியாது. வீராங்கனையின் உடலில் இருப்பதற்கு வீராங்கனையே பொறுப்பு என்பதுதான் விதி. தெரியாமல் கொடுத்தார்கள் என்று நிரூபித்தால் தடைக்காலம் குறையலாம். அந்தப் போட்டியின் பதக்கம் போனது போனதுதான்.

கேள்வி: ஊக்கமருந்தைப் போட்டிக்குச் சில வாரம் முன்பு நிறுத்திவிட்டால் சோதனையில் தெரியாது என்று ஜிம் நண்பர்கள் சொல்கிறார்களே?
— கல்லூரி மாணவர், மதுரை

பதில்: கிழக்கு ஜெர்மனியும் அதை நம்பித்தான் செய்தது. வெளிநாடு கிளம்பும் முன் கிரைஷா ஊரின் ஆய்வகத்தில் தாங்களே சோதித்து, தேறாதவர்களை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். அந்தக் காலம் போய்விட்டது. 2008, 2012 ஒலிம்பிக்கில் வீரர்களிடம் எடுத்த சிறுநீர் மாதிரிகளை உறைநிலையில் வைத்திருந்து, 2016-இல் புதிய முறையில் மறுபடி சோதித்தார்கள். பலரிடம் சிக்கியது அதே பழைய டூரினபால். எட்டு வருடம் வீட்டில் மாட்டியிருந்த பதக்கங்களைத் திருப்பிக் கேட்டார்கள். இப்போது மாதிரிகளைப் பத்து வருடம் வரை வைத்திருந்து சோதிக்கலாம்.

போட்டி இருக்கட்டும் தம்பி. வெளியிலிருந்து ஹார்மோன் வரும்போது உடல் தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்கிறது. விரைகள் சுருங்கும், விந்தணு குறையும். நிறுத்திய பிறகு அது மீள மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு வருடங்கள்கூட ஆகும். நீங்கள் ஏற்கெனவே ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் மருந்தின் பெயரையும் எத்தனை வாரம் என்பதையும் எழுதி அனுப்புங்கள். இதழில் வராது. நான் திட்டவும் மாட்டேன்.