இலங்கையின் மலையகத்தில், தேயிலைத் தோட்டங்களில், பரம்பரை பரம்பரையாக ஒரே கட்சிக்குப் புள்ளடி (வாக்குச் சீட்டில் இடும் X அடையாளம்) போடுவது ஏன்? சொந்தமாக யோசிப்பதே இல்லையா?

கேள்வியின் இரண்டாவது பாதியை நீங்கள் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டு எழுதியிருப்பீர்கள். தோட்டத்தில் ஒரு மாதம் இருந்து பார்த்தவர் இப்படிக் கேட்கமாட்டார். கோபம் கிடக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

‘ஒரே கட்சி’ என்பதே பிழை. நுவரெலியா மாவட்டத்தில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆட்கள் 2015 பொதுத் தேர்தலில் வெற்றிலைக்கு (ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு) போட்டார்கள், 2020இல் மொட்டுக்கு (பொதுஜன பெரமுன), 2024இல் யானைக்கு (ஐக்கிய தேசியக் கட்சி). எதிர்ப்பக்கம் நின்ற தமிழ் முற்போக்குக் கூட்டணிக்காரர் 2015இல் அதே யானைக்கு, பிறகு இரண்டு தரமும் தொலைபேசிக்கு (ஐக்கிய மக்கள் சக்தி). பத்து வருடத்துக்குள் மூன்று சின்னத்துக்குப் போட்டவரைக் கட்சி விசுவாசி என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது? அவர் மாற்றாமல் வைத்திருப்பது தொழிற்சங்கத்தை. எந்தச் சின்னம் என்பதைத் தேர்தலுக்குத் தேர்தல் சங்கம் வந்து சொல்லும்.

அந்தப் பழக்கம் வந்த வழியையும் பாருங்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் (தொழிலாளர் காங்கிரசின் பழைய பெயர்) ஏழு ஆசனம் வென்றது. அடுத்த வருடமே தோட்டத்து மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டம், அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போனது. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று ஆட்களை எண்ணிப் பிரித்தார்கள். தோட்டத்து வாக்கில் ஒருவர் மறுபடி பாராளுமன்றம் போக, 1977இல் நுவரெலியா – மஸ்கெலியா தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் மூன்றாவது அங்கத்தவராக வரும்வரை பொறுக்க வேண்டியிருந்தது. வாக்கில்லாத அத்தனை வருடமும் சங்கத்துக்குச் சந்தா மட்டும் இருந்தது. பிரஜாவுரிமை விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததும் சங்கக் காரியாலயம்தான். வாக்கு திரும்பி வந்தபோது அது போய்ச் சேர வேறு இடம் இருக்கவில்லை.

இனி இன்றைய வேலை நடக்கும் விதம். ஒரு பெண் கொழுந்து எடுக்கிறாள். முழுச் சம்பளத்துக்கு அன்று எடுக்க வேண்டிய அளவு 18 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள் (தோட்டத்துக்குத் தோட்டம் மாறும்). மழை, செடியில் கொழுந்து இல்லை. ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்துத் தராசில் 14தான் நிற்கிறது. வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடுகிறார். நாட்சம்பளம் 1350 ஆக இருந்தபோது அரைப்பேர் என்றால் 675 ரூபாய் போச்சு. அவள் தனியாகத் துரையிடம் (தோட்ட நிர்வாகியிடம்) போய்ப் பேச முடியாது. போனால் ‘தலைவரோட வா’ என்பார்கள். தலைவர் என்றால் அந்த டிவிசனில் (தோட்டத்தின் ஒரு பிரிவில்) அவளுடைய சங்கத்தின் தலைவர். அவர் ஆபீசுக்குப் போய், ‘இந்த மலையில் இன்னைக்கு யாருமே 15 தாண்டலை, செக்ரோலைப் பாருங்க’ என்று வேலைப் பதிவைக் காட்டிப் பேசி முழுப்பேராக்கிக்கொண்டு வந்தால், அந்தக் குடும்பத்தின் நாலு வாக்கும் அங்கேயே முடிவாகிவிட்டது. கொள்கை விளக்கக் கூட்டம் எதுவும் தேவையில்லை.

சங்கம் மாறுவது கடதாசியில் லேசு. புதுச் சங்கத்தின் படிவத்தில் கையெழுத்து, ஆபீசுக்குக் கடிதம், அதன்பிறகு சந்தா அந்தப் பக்கம் போகும். சிக்கல் இடையில்தான். இரண்டு சங்கமும் ஒரே மாதத்தில் படிவம் கொடுத்தால் கிளாக்கர் பழையதையே வைத்துக்கொள்வார், அல்லது இரண்டையும் ஓரமாகப் போடுவார். அந்த இடைவெளியில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டால் பேச ஒரு தலைவரும் வரமாட்டார். ஆகவே தனி ஆள் மாறுவது குறைவு. மாறினால் லயனோடு (வரிசை வீடுகளோடு) மாறும், சில இடத்தில் டிவிசனோடு. சங்கங்களும் எண்ணிக்கைக்காகத்தான் அடித்துக்கொள்கின்றன: 1999ஆம் ஆண்டுக் கைத்தொழில் பிணக்குகள் திருத்தச் சட்டப்படி 40 சதவீத ஆட்களை வைத்திருக்கும் சங்கத்தோடு பேசமாட்டேன் என்று தொழில்தருநர் மறுக்க முடியாது.

கல்யாணம் கட்டி வரும் பெண் பெரும்பாலும் புருஷன் வீட்டுச் சங்கத்தில்தான் பேர் பதிவாள். கோயில் கமிட்டித் தகராறில் சங்கம் மாறிய லயன்களும் உண்டு. அதை அரசியல் என்று நீங்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் அது உங்கள் பிரச்சினை.

‘சங்கத்துக்கு வக்காலத்து வாங்குகிறார்’ என்று கீழே எழுத வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பிடி தளர்ந்துவிட்டது என்பதையும் சொல்கிறேன். 2021இல் 1000 ரூபாய்ச் சம்பளம் அரசின் சம்பளச் சபை வழியாக வந்து, சங்கங்களும் கம்பனிகளும் செய்துவந்த கூட்டு ஒப்பந்தம் நின்றதும், பல கம்பனிகள் சம்பளத்தில் சந்தா பிடித்துக் கொடுப்பதை நிறுத்தின. பெயர் பட்டியலில் இருந்தும் காசு போகவில்லை. அதோடு கொழும்பில் கடையிலும் கட்டட வேலையிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு அரைப்பேரும் இல்லை, தலைவரும் இல்லை. வாக்கு மட்டும் லயனில் பதிந்திருக்கிறது, பஸ் ஏறி வந்து போடுகிறார்கள். 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தில் தொலைபேசிக் கட்சியின் சஜித் பிரேமதாச முதலாவது வந்தார். நவம்பர் பொதுத் தேர்தலில் அதே மாவட்டத்தின் எட்டு ஆசனத்தில் ஐந்து திசைகாட்டிக்கு (தேசிய மக்கள் சக்தி) போனது. எல்லாம் தோட்டத்து வாக்கு என்று நான் சொல்லவில்லை, மாவட்டத்தில் சிங்கள வாக்கும் நிறைய இருக்கிறது. ஆனால் மலையகப் பெண்களான நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையில் அம்பிகா சாமுவேலும் அந்தச் சின்னத்தில்தான் வென்றார்கள். கொழுந்து எடுக்கும் பெண்களின் சந்தாவில் எழும்பிய சங்கங்கள் ஒரு பெண்ணைப் பாராளுமன்றம் அனுப்பியிருக்க வேண்டாமா?

சின்னம் மாறுவதால் வரும் நட்டத்தையும் யாரும் பேசுவதில்லை. பொதுத் தேர்தலில் சின்னத்துக்கு ஒரு புள்ளடி, பிறகு அந்தச் சின்னத்தின் வேட்பாளர்களுக்கு விருப்பு வாக்கு மூன்று வரை. விருப்பு இலக்கத்தை மட்டும் போட்டுச் சின்னத்தை விட்டால் வாக்கு செல்லாது. இரண்டு சின்னத்துக்குப் போட்டாலும் செல்லாது. ‘நம்ம ஆள்’ ஒரு பக்கம், ‘நம்ம பழைய சின்னம்’ இன்னொரு பக்கம் என்று இரண்டுக்கும் போட்டுவிட்டு வரும் வயசானவர்கள் இருக்கிறார்கள். ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று போடலாம், உள்ளூராட்சித் தேர்தலில் ஒரே புள்ளடிதான். 2024 செப்டெம்பரிலிருந்து 2025 மே வரை எட்டு மாதத்துக்குள் மூன்று விதமான சீட்டைக் கையில் கொடுத்தார்கள். மாதிரிச் சீட்டு வைத்துப் பழக்கிக் காட்டாத தலைவர் என்ன தலைவர்?

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எத்தனையோ லயன்களுக்கு வீட்டு இலக்கம் கிடையாது. முழு டிவிசனுக்கும் ஒரே விலாசம், கடிதம் எல்லாம் ஆபீசில் குவியும். வாக்காளர் அட்டை பிரட்டுக்களத்தில் (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்தில்) யாரோ ஒருவர் கையில் கொடுத்து அனுப்பப்பட்டு, அதே பெயருள்ள இன்னொருவர் வீட்டுக்குப் போய்ச் சேரும். அட்டை வரவில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். பெயர் வாக்காளர் இடாப்பில் (பட்டியலில்) இருந்தால் அடையாள அட்டையோடு போனாலே போதும், வாக்குப் போடலாம்.