டேபிள் டென்னிஸ் பிளேடு (ரப்பர் ஒட்டும் மட்டைப் பலகை): எந்த அடுக்கு என்ன செய்யும்?

கேள்வி: அண்ணா, 5 பிளையை, அதாவது அஞ்சு அடுக்கு பிளேடை விட 7 பிளை வேகம்னு கடையில சொல்றாங்க. உண்மையா?

பெரும்பாலும் உண்மைதான், ஆனால் எண்ணிக்கையால் இல்லை. 7 பிளை பொதுவாகத் தடிமனாக இருக்கும். தடிமன் ஏற ஏற விறைப்பு கன மடங்கில் ஏறும். அதே மரமாக இருந்தால் 5.5 மி.மீ. பலகை 6 ஆனாலே விறைப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடிவிடும்.

கேள்வி: வெளி அடுக்கு அரை மில்லிமீட்டர்தானே இருக்கு. கோட்டோ மரமா, லிம்பா மரமானு அதுக்கு ஏன் இவ்வளவு சண்டை?

பலகை வளையும்போது நடுப்பகுதி அதிகம் இழுபடாது, அமுங்காது. பாரமெல்லாம் வெளி அடுக்குக்குத்தான். அதனால்தான் நடுவில் கிரி, அயூஸ் மாதிரி லேசான மரத்தைத் தடிமனாக வைத்து எடையைக் குறைக்கிறார்கள். கோட்டோ கெட்டி. ‘டக்’கென்று சத்தம், பந்து சட்டென்று கிளம்பும், பிளாக்குக்கும் ஸ்மாஷுக்கும் சுகம். லிம்பா கொஞ்சம் மெத்து, லூப் (பந்தைச் சுழலவிட்டு அடிப்பது) போடுகிறவர்களுக்குப் பிடிக்கும்.

ரப்பர் ஒட்டாத 5 பிளை பிளேடின் உச்சி விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். நடுமரம் புள்ளி புள்ளியாகத் தெரியும், அதன் நார் கைப்பிடி வாக்கில் ஓடுகிறது. இரண்டாம் அடுக்கு கோடாகத் தெரிந்தால் அது குறுக்கே போகிறது என்று அர்த்தம். பலகை அகலவாக்கில் நெளியாமல் பிடிப்பது அதுதான்.

கேள்வி: பட்டர்ஃபிளை கம்பெனியோட விஸ்காரியா, இன்னர்ஃபோர்ஸ் ஏ.எல்.சி. பிளேடு ரெண்டிலும் ஒரே ஃபைபர்தானே சார்? ஆடினா வேற மாதிரி இருக்கே?

ஃபைபர் ஒன்று (ஏ.எல்.சி., அதாவது ஆரிலேட்டும் கார்பனும் சேர்த்து நெய்தது), இடம் வேறு. 1993-இல் வந்த விஸ்காரியாவில் அது வெளி அடுக்கான கோட்டோவுக்கு நேர் அடியில் இருக்கிறது. லேசாகத் தொட்டாலே தெரியும். இன்னர்ஃபோர்ஸில் நடுமரத்தை ஒட்டி இருப்பதால் புஷ், டிராப் மாதிரி மெதுவான அடியெல்லாம் மரப் பிளேடு போலவே வரும், ஓங்கி அடித்தால்தான் ஃபைபர் வேலை காட்டும். மேசைக்கு மேல் நிதானம் தேவைப்படுகிறவர்களுக்கு என் ஓட்டு இதற்கே.

கேள்வி: முழுக்க கார்பன்லயே செஞ்சா என்ன?

சர்வதேச டேபிள் டென்னிஸ் விதி விடாது. தடிமனில் 85 சதவீதமாவது இயற்கை மரம் வேண்டும். ஒரு ஃபைபர் அடுக்கு மொத்தத் தடிமனில் 7.5 சதவீதம் அல்லது 0.35 மி.மீ., இதில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது.

கேள்வி: பொண்ணுக்குப் பத்து வயசு. கடைக்காரர் கார்பன் வாங்கச் சொல்றார்.

வேண்டாங்க. லிம்பா மேலடுக்கு, அயூஸ் நடுமரம், 5 பிளை, எடை 85 கிராமுக்குள். ஒரே மாடலிலேயே பிளேடுக்கு பிளேடு சில கிராம் மாறும், தராசில் வைக்கச் சொல்லி வாங்குங்கள். விறைப்பான பிளேடில் பந்து தானாகப் பறக்கும், கை ஸ்ட்ரோக்கை முடிக்கப் பழகாது. மிச்சமாகும் காசுக்கு நல்ல ரப்பர் போடலாம்.

கேள்வி: ரப்பர் உரிக்கும்போது சிலாம்பு சிலாம்பா மரமும் வருது.

குறுக்கே இழுக்காதீர்கள், நார் போகிற போக்கில் மெதுவாக உரியுங்கள். புதுப் பிளேடு என்றால் ஒட்டும் முன் தண்ணீர் வார்னிஷ் ஒரே ஒரு மெல்லிய பூச்சு. அதற்கு மேல் பூசினால் லிம்பாவின் மெத்து போய்விடும்.