விடைக்கோழிகளை விரட்டும் சேவல்: என்ன செய்யலாம்?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். இரண்டு வயதுச் சேவல் ஒன்று, பெட்டை நான்கு. போன வாரம் நான்கு மாத விடைக்கோழிகள் (இன்னும் முட்டைக்கு வராத இளம் பெட்டைகள்) ஆறு வாங்கி விட்டேன். சேவல் அவற்றை ஓட ஓட விரட்டி மிதிக்கிறது. ஒன்றுக்குப் பிடரியில் இறகே இல்லை. சேவலை அறுத்துவிடலாம் என்கிறார் மாமியார். – வாசகி

பதில்: அவசரப்பட்டு அறுக்க வேண்டாம்மா. உங்கள் விடைகளுக்கு இன்னும் பருவம் வரவில்லை, அதுதான் விஷயம். கம்பத்துக் கோழி முட்டைக்கு வர ஐந்தாறு மாதம் ஆகும். பருவம் வந்த பெட்டையின் கொண்டை நன்றாகச் சிவந்திருக்கும்; முதுகில் கை வைத்தால் இறக்கையைச் சற்று அகட்டித் தரையோடு பதுங்கும். சேவலின் பாரத்தை அது அப்படித்தான் தாங்குகிறது. விடைக்குப் பதுங்கத் தெரியாது, ஓடும். ஓடுவதைப் பிடரியில் கவ்வி ஏறும்போது இறகு பிய்கிறது, சேவலின் நகமும் காலின் பின்பக்க முள்ளும் விலாவைக் கிழிக்கின்றன.

இன்று இரவே, பரணில் அடைந்தபின் ஒவ்வொன்றாகப் பிடித்து இறக்கையைத் தூக்கிப் பாருங்கள். கிழிசல் அங்கேதான் இருக்கும், மேலே இறகு மூடியிருப்பதால் பகலில் தெரியாது. நம் புழுக்கத்துக்கும் மழைக்கும் புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். உப்பு நீரில் கழுவி ஐயோடின் போடுங்கள். ஆறும்வரை அந்தக் கோழி தனியே இருக்கட்டும். ரத்தத்தைக் கண்டால் மற்ற கோழிகளே கொத்தும்.

சேவலைக் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அடையுங்கள். கோழிகள் அதன் கண்ணில் படட்டும், அது போதும். காயமில்லாத விடைகளைத் தனியே அடைக்காதீர்கள். அவை உங்கள் பழைய பெட்டைகளோடு பழகி வரிசையில் இடம் பிடிக்க வேண்டும், அதற்கே சில வாரம் ஆகும். தீனித் தட்டு இரண்டு இடத்தில் இருக்கட்டும். ஓடி ஒளிய ஒரு பழைய பலகையைச் சாய்த்து வையுங்கள்.

தீனியிலும் கவனம். முட்டைக்கோழித் தீனியில் சுண்ணாம்புச் சத்து அதிகம். முட்டைக்கு வராத கோழிக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் வளரும் கோழித் தீனி கொடுத்து, சிப்பித் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடும் பெட்டை தேவையானதைக் கொத்திக்கொள்ளும்.

ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டை இருந்தால்தான் பாரம் பரவும். உங்களிடம் இப்போதைக்குப் பெட்டை என்று கணக்கில் வருவது நாலுதான். ஆறு விடைகளும் பதுங்கத் தொடங்கியபின் சேவலைத் திறந்துவிடுங்கள். அதற்குமுன் முள்ளின் நுனியை மட்டும் அரம் கொண்டு மழுக்கிவிடுங்கள். ஆழமாக அராவினால் ரத்தம் வரும்.

நல்ல சேவல் ஒரு இறக்கையைத் தாழ்த்திச் சுற்றி வரும், தீனியைக் காட்டிக் கூப்பிடும். பருவம் வந்த பெட்டையையும் மூலையில் மடக்கி ரத்தம் பார்க்கிற சேவல் என்றால் அது அதன் குணம். அதோடு சேர்ந்த பெட்டைகளின் முட்டையை அடைக்கு வைக்காதீர்கள், அந்தக் குணம் குஞ்சுக்கும் வரலாம். சேர்த்துவிட்ட முதல் வாரம் காலையில் பாருங்கள்: எந்த விடையாவது பரணை விட்டு இறங்காமல், தீனிக்கு வராமல் இருந்தால் சேவலை மறுபடி பிரித்துவிடுங்கள்.