பட்டி வேலையை நீங்கள் பாருங்கள், பெயின்ட்டை ஷாப்பில் விடுங்கள்

கேள்வி: என்னிடம் 2012-ல் பதிவான சில்வர் நிற ஸ்விஃப்ட் இருக்கிறது. இரண்டு கதவுகளின் அடியில் துரு, பின்பக்க ஃபெண்டரில் ஒரு டென்ட் (நசுங்கல்). டிங்கரிங், பெயின்டிங் சேர்த்து 38,000 ரூபாய் கேட்கிறார்கள். இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் போடலாமா, நகைக்கடன் வாங்கலாமா, இல்லை கம்ப்ரஸரும் ஸ்ப்ரே கன்னும் வாங்கி நானே செய்துவிடலாமா? ஐந்து வருடமாக க்ளெய்ம் இல்லை. 
- வாசகர், ஈரோடு

பதில்: க்ளெய்மை முதலில் ஒதுக்கிவிடுங்கள். துரு தேய்மானக் கணக்கில் வரும். பாலிசி அதற்குப் பணம் தராது. மிஞ்சுவது டென்ட் மட்டும்தான். அதற்காக க்ளெய்ம் போட்டால் க்ளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான உங்கள் 50 சதவிகித நோ க்ளெய்ம் போனஸ் அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யமாகிவிடும். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி, பழைய இடத்துக்கு வர ஐந்து வருடம் ஆகும். போனஸ் கழிக்கும் முன் ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதத்துக்கான) பிரீமியம் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இந்த ஐந்து வருடத்தில் 7,500 ரூபாய் கூடுதலாகக் கட்டுவீர்கள். ஒரு டென்ட்டுக்கு இது கட்டுப்படியாகாது.

நகைக்கடனும் வேண்டாம். இவ்வளவு வயதான காருக்குப் போடும் 38,000 ரூபாய், விற்கும்போது விலையில் திரும்பி வராது. அதற்கு வட்டி வேறு எதற்கு?

சரி, வீட்டில் செய்யலாமா? பாதியை நிச்சயம் செய்யலாம். பெயின்டிங் பில்லில் பெரும்பகுதி கூலிதான். அந்தக் கூலியும் பெயின்ட் அடிக்கும் நேரத்துக்கு இல்லை. சுரண்டி, பள்ளத்தை நிரப்பும் பட்டி போட்டு, தேய்க்கும் நேரத்துக்குத்தான். பொறுமை இருந்தால் அந்தப் பணத்தை நீங்கள் மிச்சப்படுத்தலாம்.

ஆனால் முதலில் கதவின் அடியில் இருக்கும் துருவை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே போனால் தகடு செத்துவிட்டது. வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும், அது டிங்கர் வேலை. அதன்மேல் பட்டி போட்டு மூடினால் ஒரு மழைக்காலம் தாங்காது. தகடு கெட்டியாக இருந்தால் பளபளப்பான இரும்பு தெரியும்வரை தேய்த்து, அன்றே ப்ரைமர் அடியுங்கள். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிகிற சிறு துளைகள் இருக்கும். அவை மண்ணடைத்துப் போவதால்தான் பெரும்பாலும் துருவே வருகிறது. அவற்றைக் குத்திவிடாமல் எந்த வேலையும் தொடங்காதீர்கள்.

பட்டியை மெல்லிய அடுக்குகளாகப் போடுங்கள். 80-ம் நம்பர் எமரியில் தொடங்கி 180, 320 என்று போங்கள், கட்டையில் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். காய்ந்த பட்டி தண்ணீரை உறிஞ்சும், அதனால் அந்தக் கட்டத்தில் நனைத்துத் தேய்க்காதீர்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் மேடு பள்ளம் கைக்குத் தெரியும்.

கலர் கோட், அதன்மேல் அடிக்கும் நிறமில்லாத கிளியர் கோட் இரண்டும் ஷாப்பில்தான். சில்வர் மெட்டாலிக் என்பதால் புது நிறம் தனியாகத் தெரியாதபடி பக்கத்து பேனல்வரை கலரைப் படிப்படியாகக் கலந்துவிட வேண்டும். முதல் முறை கன் பிடிப்பவர் கைக்கு அது வராது. ஹார்டனர் கலந்து அடிக்கும் கிளியர் கோட்டுக்கு டூ-கே கிளியர் என்று பெயர்; அந்த ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண துணி மாஸ்க் அதைத் தடுக்காது. குழந்தைகள் இருக்கும் வீட்டு வாசலில் அதை அடிக்கவே கூடாது. ஒரே ஒரு காருக்காகக் கம்ப்ரஸர் வாங்குவதும் வீண் செலவு.

எமரியில் கை வைக்கும் முன் பெயின்டரிடம் பேசிவிடுங்கள். வாடிக்கையாளர் போட்ட பட்டிமேல் பெயின்ட் அடிக்கப் பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒத்துக்கொள்பவரிடம் டிங்கரிங், பட்டி, பெயின்ட் பொருள், பெயின்ட் கூலி என நான்காகப் பிரித்து எழுதி வாங்குங்கள். பட்டிக்கான தொகையைக் கழித்த பிறகு மிச்சம் வருவதைச் சம்பளத்திலிருந்து மூன்று மாதம் சேர்த்தால் போதும், அவசர நிதியைத் தொட வேண்டாம். 2027-ல் 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்ட வேண்டியிருக்கும். கதவு வேலையை அதற்கு முன் முடியுங்கள், டென்ட் காத்திருக்கலாம்.