மண்டபத்துக்கு முன்னால் இலைக் கணக்கு: கல்யாணச் செலவு பற்றிக் கேள்வி பதில்

திருச்சியில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறேன். அப்பா நடத்திய தொழில், இப்போது நானும் தம்பியும் நடத்துகிறோம். பந்தி, மண்டபம், மளிகை, காய்கறி, பூ இவற்றில் எது கேட்டாலும் சொல்கிறேன். நகை, ஜாதகம், போட்டோ எனக்குத் தெரியாத துறைகள்.

கரூர், மணமகனின் தம்பி: அக்கா, அண்ணன் கல்யாணம் தை மாசம். கையில 6 லட்சம் இருக்கு. முதல்ல எதைப் பிடிக்கணும்?

முதலில் ஒரு நோட்டைப் பிடியுங்கள் தம்பி. எல்லாரும் மண்டபத்தைப் பிடிக்கிறார்கள். மண்டபம் பெரிதாகிவிட்டால் அதை நிரப்ப ஆள் கூப்பிடுவார்கள். அங்கேதான் கணக்கு கைமீறிப் போகிறது.

பத்திரிகை அடிக்கும் முன்பே பெயர்ப் பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எத்தனை இலை விழும், அதாவது எத்தனை பேர் சாப்பிட உட்காருவார்கள் என்று போடுங்கள். வெளியூர்ச் சொந்தம் என்றால் இரண்டு, ஒரே தெரு என்றால் வீட்டோடு நான்கு, ஆபீஸ் நண்பர் என்றால் ஒன்று. இரவு ரிசப்ஷன், காலை டிபன், முகூர்த்தச் சாப்பாடு மூன்றுக்கும் தனித்தனியாகக் கூட்டுங்கள். மூன்று வேளைக்கும் ஒரே எண்ணைச் சொல்லி ஆர்டர் கொடுப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். காலை டிபனுக்கு வருவது மண்டபத்தில் தங்கியவர்களும் நெருங்கிய சொந்தமும்தான்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ரிசப்ஷன் 500 இலை, இலைக்கு 250 ரூபாய் என்றால் 1,25,000. டிபன் 250 இலை, 110 ரூபாய் என்றால் 27,500. மதியச் சாப்பாடு 350 இலை, 220 ரூபாய் என்றால் 77,000. ஆக மொத்தம் 2,29,500. இப்போது முதல்நாள் ரிசப்ஷனை எடுத்துவிட்டு, எல்லாரையும் முகூர்த்தத்துக்கே அழைத்து, மதியம் 500 இலை போடுங்கள். டிபனோடு சேர்த்து 1,37,500தான் வரும். சாப்பாட்டில் மட்டும் 92,000 மிச்சம். மண்டபம் ஒன்றரை நாளுக்குப் பதில் அரை நாள். மேடை அலங்காரம் ஒரு தடவை. பாட்டுக் கச்சேரி இல்லை. கல்யாணத்துக்கு முந்தின இரவே ரிசப்ஷன் வைப்பது நம் பக்கத்துப் பழக்கம், வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம்தான் வரமுடியும் என்பதால் வளர்ந்தது. முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை அமைந்தால் அந்தக் காரணமே இல்லை.

இலை எண்ணிக்கை தெரிந்த பிறகு மண்டபம் பாருங்கள். மேடையையும் ஏசியையும் பார்ப்பதற்கு முன் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் நாற்காலியை எண்ணுங்கள். ஒரு பந்திக்கு 150 பேர் உட்கார்ந்தால் 500 பேர் நாலாவது பந்தியில் முடிந்துவிடுவார்கள். அதற்கு மேல் பெரிய இடம் உங்களுக்குத் தேவையில்லை.

சேலம், மணமகன்: 300 பேருக்கு சாப்பாடு எவ்வளவு ஆகும்?

எந்த வேளை, எந்த ஊர், எத்தனை வகை என்று தெரியாமல் ஒரு தொகை சொன்னால் அது உங்களுக்கு உதவாது. ஆனால் ஒரு விஷயம். 300 என்று வாயால் உறுதி சொல்லிவிட்டால், 240 பேர் வந்தாலும் 300க்குத்தான் பில் வரும். 250க்கு உறுதி கொடுங்கள். கூட வரும் 50க்குச் சமைக்கத் தயாராக இருக்க வேண்டும், விழுந்த இலைக்கு மட்டும் பணம் என்று எழுதி வாங்குங்கள். பெரும்பாலான காண்ட்ராக்டர்கள் ஒப்புக்கொள்வார்கள். பந்தி நடக்கும்போது உங்கள் ஆள் ஒருவர் இலை எண்ணட்டும். நல்ல காண்ட்ராக்டர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

தஞ்சாவூர், மணப்பெண்ணின் அம்மா: சம்பந்தி வீட்டில் 24 வகை போட்டார்களாம். நாங்கள் 15 போட்டால் குறை சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறதும்மா.

அம்மா, பந்தி முடிந்து எடுக்கும் இலையைப் பார்ப்பவள் நான். கட்லெட், வெஜிடபிள் பிரியாணி, இரண்டாவது இனிப்பு, பேபி கார்ன் வறுவல் இவைதான் பாதியில் கிடக்கும். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், அப்பளம், பாயசம், மோர் இவற்றை யாரும் வைத்துவிட்டு எழுவதில்லை. 24 வகை போட்டாலும் வயிறு ஒன்றுதான். வகை கூடக்கூட மாஸ்டரும் பரிமாறும் ஆளும் கூட வேண்டும். செலவு ஏறுவது அங்கேதான்.

15 வகையை நன்றாகப் போடுங்கள். நல்ல நெய், அன்றைக்கு வறுத்து அரைத்த சாம்பார் பொடி, சூடான சோறு, இரண்டாம் முறை கேட்காமலே வந்து நிற்கும் பரிமாறும் ஆள். சாப்பிட்டவர்கள் ஊருக்குப் போய்ப் பேசுவது இதைத்தான். காயை மாதம் பார்த்து முடிவு செய்யுங்கள். மார்கழி, தையில் முருங்கைக்காய் விலை எட்டாது, அந்த மாதத்தில் முருங்கைக்காய் சாம்பார் கேட்காதீர்கள். வாழைக்காய், சேனை, பூசணி, சௌசௌ, அவரை நம் பக்கம் எப்போதும் கட்டுப்படியாகும். வைகாசிக் கல்யாணத்தில் மாங்காய்ப் பச்சடி போடுங்கள், செலவும் குறைவு, இலைக்கும் அழகு.

இன்னொரு வழியும் உண்டு. மளிகையும் காயும் நீங்களே வாங்கி, எங்களுக்குச் சமையல் கூலி மட்டும் கொடுக்கலாம். இலைக் கணக்கைவிடக் குறைவாக வரும். ஆனால் மளிகை வைக்கும் உக்கிராண அறையின் சாவியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் அசையாமல் உட்கார ஒரு சித்தப்பாவோ மாமாவோ வேண்டும். அப்படி ஆள் இல்லாத வீடு இந்த வழிக்குப் போகக் கூடாது.

கடலூர்: 400 பேருக்கு எவ்வளவு ஆகும் மேடம்?

சேலம் தம்பிக்குச் சொன்னதேதான் உங்களுக்கும்.

விழுப்புரம், மணப்பெண்: நகைச் சீட்டு போட்டு வாங்கலாமா, பழைய நகையை மாத்தலாமா?

நகை என் துறை இல்லை. ஹால்மார்க்கோடு ஆறு எழுத்தெண் கொண்ட ஹெச்யுஐடி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். மற்றதை நம்பிக்கையான ஆசாரி ஒருவரிடம் கேளுங்கள்.

மதுரை, மணமகன்: புரோகிதர், மண்டபம் எதுவுமில்லாமல் 40 பேர் முன்னால் மாலை மாற்றிக்கொண்டால் சட்டப்படி செல்லுமா?

செல்லும். 1928இல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் இப்படிச் சுயமரியாதைத் திருமணம் நடத்திவைத்த காலத்தில் இதற்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. அண்ணா முதல்வரானதும் 1967இல் சட்டசபையில் நிறைவேற்றி, 1968 ஜனவரியில் சட்டமானது. இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு. உறவினர், நண்பர் அல்லது வேறு ஆட்கள் முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் போதும். மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ போதும். இருவரும் இந்துத் திருமணச் சட்டத்துக்குள் வருபவர்களாக இருக்க வேண்டும். வேறு வேறு மதம் என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், 30 நாள் நோட்டீஸ், மூன்று சாட்சி.

எப்படிச் செய்தாலும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லா மதத்தாருக்கும் அது கட்டாயம். இதுபோன்ற கல்யாணங்களுக்கு நாங்கள் சமைத்திருக்கிறோம். ஒரே பந்தி, எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பரிமாறும்போதே மனசு நிறையும்.

ஈரோடு, மணப்பெண்ணின் அண்ணன்: தங்கச்சி கல்யாணத்துக்கு 3 லட்சம் குறையுது. 3 வட்டிக்கு ஒருத்தர் தர்றேங்கிறார். மொய் வந்ததும் அடைச்சிடலாம்னு பாக்குறேன்.

வாங்காதீர்கள் தம்பி. 3 வட்டி என்றால் வருஷத்துக்கு 36 சதவீதம். 3 லட்சத்துக்கு மாதம் 9,000 ரூபாய். வருஷம் முழுக்கக் கட்டினால் 1,08,000, அசலில் ஒரு ரூபாய் குறையாது. பேங்க்கில் 14 சதவீதத்தில் அதே 3 லட்சம் தனிநபர் கடன் வாங்கினால்கூட ஐந்து வருஷத்துக்கு மாதம் ஏறக்குறைய 7,000 ரூபாய் போகும், வட்டி மட்டும் ஏறக்குறைய 1,20,000. தங்கச்சிக்கு வளைகாப்பு செய்ய வேண்டிய நேரத்தில் நீங்கள் இந்தத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

குறைகிற 3 லட்சத்தை இலைப் பட்டியலில் தேடுங்கள். கரூர் தம்பிக்குப் போட்ட கணக்கைப் பாருங்கள். மொய்யை வரவில் எழுதவே எழுதாதீர்கள். அதில் பாதி உங்கள் அப்பா பல வருஷமாக ஊருக்குச் செய்தது திரும்பி வருவது. மீதி நீங்கள் இனிமேல் திருப்பிச் செய்ய வேண்டியது.

பேராவூரணி: அக்கா, இதை ஒத்துக்க மாட்டேன். எங்க பக்கம் மொய்தான் ஏழைக்கு பேங்க். கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடின்னு ஆடி மாசம் மொய் வாங்குறதுக்குன்னே விருந்து வைப்போம், மொய் விருந்துன்னு பேரு. அந்தப் பணத்துல போர்வெல் போட்டவன், புள்ளைய காலேஜ்ல சேத்தவன் எத்தனையோ பேர். வட்டி கிடையாது. நீங்க வட்டிக்காரனையும் மொய்யையும் ஒரே தட்டுல வைக்கிறீங்க.

ஒரே தட்டில் வைக்கவில்லை தம்பி. மொய் விருந்துக்கும் நான் கறிச்சோறு சமைத்திருக்கிறேன். அங்கே எல்லாரும் மொய் நோட்டுப் பார்த்துச் செய்கிறார்கள், யார் எவ்வளவு தர வேண்டும் என்று முன்பே தெரியும். தொழிலுக்கோ தோட்டத்துக்கோ போடுகிறார்கள். அது முறையான ஏற்பாடு, மதிக்கிறேன். ஈரோட்டுத் தம்பியின் நிலை அதுவல்ல. கல்யாண மொய் எவ்வளவு வரும் என்று அவருக்குத் தெரியாது, வட்டிக்காரருக்கு மட்டும் தேதி தெரியும். வந்த மொய் பந்திச் செலவுக்கே போனால் போர்வெல் எங்கே இருக்கிறது?

கோயம்புத்தூர்: எங்க கல்யாணத்துல “மொய் தவிர்க்கவும்”னு பத்திரிகைலயே போட்டோம். பெரியப்பா கோவிச்சுக்கிட்டார். “நான் செஞ்சத நீ வாங்காம என்னை அசிங்கப்படுத்துற”ன்னார்.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. உங்கள் அப்பா அவர் வீட்டில் எழுதியதைத் திருப்பித் தர அவருக்கு இதுதான் வாய்ப்பு. அப்பாவிடம் அதைத் தனியாக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், பெரியப்பாவின் கணக்கு தீரும். புதிதாக எழுத வேண்டாம்.

பேராவூரணி: அப்ப திரும்ப மொய்தான வருது! அதோட, வந்தத மட்டும் திருப்பினா உறவு முடிஞ்சதுன்னு அர்த்தம். 1,000 வந்திருந்தா அதோட புதுநடை 500 சேத்துத்தான் வைக்கணும். அப்பதான் தொடர்ச்சி.

புதுநடை ஏறிக்கொண்டே போவதைத்தான் சொல்கிறேன். நிலையான வருமானம் உள்ளவர்களுக்குள் அது ஓடும். நெல்லோ தென்னையோ ஒரு வருஷம் பொய்த்தால் என்ன ஆகும்? கஜா புயலில் 2018இல் உங்கள் பக்கத்துத் தென்னை ஏராளமாகச் சாய்ந்ததே, அப்போதும் நோட்டில் இருந்த தொகை குறையவில்லையே.

அறந்தாங்கி, ஒரு பெண்: நானும் சொல்லணும் அக்கா. என் வீட்டுக்காரர் விருந்து வெச்சு வாங்குனத அவர் இறந்த பிறகு நான்தான் செஞ்சுக்கிட்டிருக்கேன். ஆடி வந்தாலே தோட்டை அடகு வைக்கணும். தம்பி சொல்ற நல்லதும் நிஜம், அந்தப் பணத்துலதான் வீடு கட்டினோம்.

தங்கச்சி, நீங்கள் சொன்னதுக்கு மேல் என்னிடம் வார்த்தை இல்லை. ஒன்று மட்டும். நோட்டை எடுத்து, இன்னும் செய்ய வேண்டியவர்களின் பெயரைத் தனியாக எழுதுங்கள். பெரிய தொகைக்காரர்களிடம் நேரில் போய், இரண்டு தவணையாகச் செய்கிறேன், புதுநடை வேண்டாம் என்று சொல்லுங்கள். ஊரில் ஒரு பெரியவரைக் கூட வைத்துக்கொண்டு சொன்னால் ஏற்பார்கள்.

பேராவூரணி: அந்த அக்காவுக்கு எங்க ஊர்ல யாரும் மறுக்க மாட்டாங்க. அத நானும் சொல்றேன்.

நன்றி தம்பி.

நெல்லை: 250 பேருக்கு எவ்வளவு?

மூன்றாவது தடவை. மேலே படியுங்கள். எண்ணிக்கையோடு வேளையையும் வகையையும் எழுதினால் பதில் சொல்கிறேன்.

திண்டுக்கல், மணப்பெண்: மேடை அலங்காரத்துக்கே 80,000 கேக்கிறாங்க. மல்லிகைதான் வேணும்னு அம்மா சொல்றாங்க. கல்யாணம் தையில.

தையில் பனிக்கு மல்லிகை வரத்தே இருக்காது, முகூர்த்த நாளில் விலை இன்னும் ஏறும். தலைக்கும் மாலைக்கும் மட்டும் மல்லிகை வாங்குங்கள். மேடைக்குச் செவ்வந்தி, சம்பங்கி, கோழிக்கொண்டை போதும். வாசலில் குலை தள்ளிய இரண்டு வாழைமரம், மாவிலை, தென்னங்குருத்துத் தோரணம் கட்டச் சொல்லுங்கள். நிலக்கோட்டைப் பூ மார்க்கெட் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது, நேரே போய் எடைக்கு வாங்கி, கட்டுகிறவரிடம் கூலிக்குக் கொடுங்கள்.

வேலூர்: கல்யாணத்துக்கு அரசு தங்கம் தருவாங்கல்ல, எப்படி வாங்குறது?

தாலிக்குத் தங்கம் தந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம் 2022இல் புதுமைப் பெண் திட்டமாக மாறிவிட்டது, அது அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் படித்துவிட்டு உயர்கல்வி படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். கைம்பெண்ணின் மகள், ஆதரவற்ற பெண், கலப்புத் திருமணம், கைம்பெண் மறுமணம் இவற்றுக்குத் தனித் திட்டங்கள் உண்டு, மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேளுங்கள். வசதியில்லாத இணைகளுக்கு அறநிலையத்துறை கோயில்களில் 4 கிராம் தாலியோடு திருமணம் நடத்திவைக்கிறது. விவரம் பெரிய கோயில் அலுவலகத்தில் கிடைக்கும்.

திருவாரூர், மணப்பெண்ணின் அப்பா: மகள் 100 பேர் போதும் என்கிறாள். நான் ஊரில் ஆயிரம் கல்யாணத்தில் கை நனைத்தவன். கூப்பிடாமல் விட்டால் எந்த முகத்தோடு தெருவில் நடப்பேன்?

ஐயா, உங்கள் சங்கடம் உண்மையானது. அதை மகளும் புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் 2020இல் 50 பேருக்கு மேல் கூடாது என்று அரசு சொன்னபோது எத்தனையோ வீடுகளில் அப்படியே நடந்தது. சொந்தம் விட்டுப் போகவில்லை. கல்யாணத்தை 100 பேரோடு முடியுங்கள். பிறகு பொண்ணு மாப்பிள்ளையை ஊருக்குக் கூட்டி வந்து, குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைத்து, தெருவுக்கே ஒரு வேளை சோறு போடுங்கள். சோறு, சாம்பார், ஒரு கூட்டு, பாயசம். மண்டப வாடகை இல்லை, மேடை இல்லை, ஊர்ப் பாத்திரத்திலேயே சமைத்துவிடலாம். நீங்களே வாளியைத் தூக்கிப் பரிமாறுங்கள். வட்டிக்கு மட்டும் வாங்காதீர்கள் ஐயா.

ராமநாதபுரம்: மண்டபத்துல கடைசியில பில் ரெட்டிப்பா வருது, ஏன்?

வாடகை மட்டும் கேட்டு அட்வான்ஸ் கொடுப்பதால். கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு, ஜெனரேட்டர் மணிக்கு எவ்வளவு, துப்புரவு, பாத்திரம், கேஸ், ஜிஎஸ்டி 18 சதவீதம் உள்ளேயா வெளியேயா, எங்கள் சமையல்காரரைக் கூட்டி வரலாமா, எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் கரண்ட் மீட்டரை போட்டோ எடுங்கள்.

நாகப்பட்டினம், மணமகன்: நிக்காஹ் பள்ளிவாசல்லயே. வலிமா விருந்துக்கு 200 பேர். பிரியாணி எவ்வளவு அரிசி?

இப்படித்தான் கேட்க வேண்டும்! சீரகச் சம்பா 1 கிலோவுக்கு 8 முதல் 10 பேர். 200 பேருக்கு 22 கிலோ போடுங்கள், குழந்தைகள் அதிகம் என்றால் 20. கறி அரிசிக்குச் சம எடை இருந்தால் போதும். ஆட்டுக்கறிக்குப் பதில் கோழி என்றால் கறிச் செலவு பாதிக்கும் கீழே வரும். தால்ச்சா, தயிர் வெங்காயம், ஒரு இனிப்பு. ஒரே தம் போடாமல் இரண்டு தேக்சாவாக, அதாவது இரண்டு பிரியாணி அண்டாவாகப் பிரித்து, இரண்டாவதை முதல் பந்தி உட்கார்ந்த பிறகு தம் போடச் சொல்லுங்கள். ஆள் குறைவாக வந்தால் அதில் அரிசியைக் குறைத்துக்கொள்ளலாம்.