செங்காந்தள் காய்ந்தால் பிடுங்கிவிடாதீர்கள்

கேள்வி: மொட்டை மாடித் தொட்டியில் வைத்த செங்காந்தள் ஐப்பசியில் அருமையாகப் பூத்தது. தை பிறப்பதற்குள் இலைகள் மஞ்சளாகி, கொடி முழுவதும் காய்ந்துவிட்டது. தினமும் தண்ணீர் ஊற்றியும் துளிர்க்கவில்லை. என்ன குறை? – மதுரை வாசகி

பதில்: கொடியில் குறையே இல்லை. எனக்குக் கவலை தருவது நீங்கள் தினமும் ஊற்றும் தண்ணீர்தான். பூத்துக் காய்த்ததும் மேலே உள்ளதெல்லாம் காய்ந்து, மண்ணுக்குள் கிழங்கு உறங்கப் போவது இதன் இயல்பு. உறங்கும் கிழங்குக்கு ஈரம் ஆகாது, அழுகிவிடும். இன்றே தண்ணீரை நிறுத்திவிட்டு, தொட்டியை மழை படாத நிழலில் வையுங்கள்.

வைகாசிக் கடைசியில் தொட்டியை மெல்லக் கவிழ்த்துப் பாருங்கள். போன வருடத்துக் கிழங்கு சுருங்கிச் சக்கையாகியிருக்கும். அதன் இடத்தில் கலப்பை போல வளைந்த புதுக் கிழங்கு கிடைக்கும். அதன் நுனியில் இருக்கும் முளைதான் எல்லாம். அது ஒடிந்துவிட்டால் அந்தப் பக்கம் கொடி வராது. அதனால் குச்சியால் கிளறாமல் கையால் மண்ணை உதிர்த்து எடுங்கள், கையுறையோடு. நல்ல வடிகால் உள்ள செம்மண்ணும் மணலும் கலந்து, கிழங்கைப் படுக்கை வசமாக நான்கு விரல் ஆழத்தில் வையுங்கள். விவசாயிகள் 50, 60 கிராமுக்குக் குறையாத கிழங்கைத்தான் நடுவார்கள். சிறு கிழங்கு முதல் வருடம் இலையோடு நின்றுவிடலாம், பொறுத்திருங்கள்.

கொடி ஏற மூங்கில் கழி நடுகிறார்கள், வீண் வேலை. இதற்குத் தனியே பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு பிடித்துக்கொள்ளும். அந்தச் சுருளுக்குள் அடங்குகிற மெல்லிய கம்பி வலையோ காய்ந்த சுள்ளியோ போதும். கொடியின் நுனியைக் கிள்ளாதீர்கள், பூ வருவதே மேல்பகுதியில்தான்.

விதை வேண்டாமென்றால் காய்களைப் பிஞ்சிலேயே அகற்றிவிடுங்கள். கிழங்கு பருக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். காய் வெடித்துத் தெரியும் சிவப்பு விதைகள் பிள்ளைகளின் கண்ணைப் பறிக்கும். கிழங்கு, விதை இரண்டிலும் கோல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது, உயிரைப் பறிக்கும் அளவுக்கு. கைவைத்தியம் என்று யார் அரைக்கச் சொன்னாலும் கேட்காதீர்கள். தப்பித் தவறி வாயில் போட்டுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இலையில் கறுப்பு உடம்பில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளி வைத்த புழு தெரிந்தால் கையுறையோடு பொறுக்கிப் போடுங்கள். ஒன்றிரண்டு தொட்டிக்கு மருந்து அடிக்கத் தேவையில்லை.