மலையடிவாரத்தில் மாந்தோப்பு வாங்கியிருக்கிறேன். கோடையில் தீ வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் மாந்தோப்பு. பாதிக்கு மேல் கல்லாமை ரகம், மிச்சம் காசாவும் செந்தூரமும். மேற்கு வேலியைத் தாண்டினால் ஓடை, ஓடையைத் தாண்டினால் காப்புக்காடு. நீங்கள் தோப்பு வாங்கிய கையோடு இதைக் கேட்கிறீர்கள். நாங்கள் 11 மரம் கருகிய பிறகுதான் கேட்டோம்.

அந்தத் தீ மலையிலிருந்து வரவில்லை. நாங்களே வைத்தது.

பங்குனி மாதம். அப்பா தோப்புச் சருகைக் கூட்டி ஓடையோரம் குவித்து, சாயங்காலம் காற்று அடங்கியதும் கொளுத்தினார். எரிந்து முடிந்ததும் நாலு குடம் தண்ணீர் ஊற்றினோம். புகை நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டோம். மறுநாள் மத்தியானம் 2 மணிக்குப் பக்கத்துத் தோட்டத்து மாமா போனில், "மாப்ள, உங்க தோப்புல புகையுதுடா, ஓடியா" என்றார். குவியலுக்கு அடியில் பட்டுப்போன புளியந்தூர் ஒன்று மண்ணோடு மண்ணாக இருந்திருக்கிறது. ராத்திரி முழுக்க அது உள்ளுக்குள்ளேயே கனன்று, வேர் வழியாகவே ஊர்ந்து, நாலடி தள்ளிக் காய்ந்த புல்லுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறது. நாங்கள் போய்ச் சேருவதற்குள் இரண்டு வரிசை மரம் போய்விட்டது. தண்ணீர் ஊற்றினால் மட்டும் போதாது. கிளறி விட்டு, மறுபடி ஊற்றி, புறங்கையைச் சாம்பலுக்குப் பக்கத்தில் வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இப்போது நாங்கள் சருகை எரிப்பதே இல்லை. மரங்களுக்கு நடுவே குழி வெட்டிப் போட்டு மேலே மண் தள்ளிவிடுகிறோம். ஆனால் வேலியோரம் இரண்டு வரிசைக்குச் சருகு மூடாக்கு கிடையாது, அங்கே தரை வெறுமையாகத்தான் கிடக்க வேண்டும்.

நம் பக்கத்து மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அந்த ஈரத்தில் இடுப்பளவு வளரும் புல், தை மாதத்துக்குள் காய்ந்து சலசலக்க ஆரம்பித்துவிடும். மாசியில் பனியும் நின்றுபோனால் ஒரு பீடித்துண்டு போதும். அதனால் நல்ல மழை பெய்த வருஷம்தான் அதிகம் பயப்பட வேண்டிய வருஷம். எங்கள் ஊரில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். புல் ஆளுயரம் நிற்கும்போது சிரிக்க எனக்கு முடியவில்லை.

ஆகவே வேலையெல்லாம் தையிலேயே. தைப்பூசத்துக்குள் வேலியை ஒட்டி உட்பக்கமாகச் சுற்றிலும் டிராக்டரின் ஒன்பது கொத்துக் கலப்பையால் இரண்டு ஓட்டு உழுது போடுங்கள். 12, 14 அடி அகலம் கிடைக்கும். புல்லின் உயரத்தைப் போல மூன்று பங்காவது அகலம் வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மார்கழியிலேயே உழுதால் ஈரத்தில் புல் மறுபடி முளைத்துவிடும், மாசிக்குத் தள்ளினால் தரை இறுகிக் கொத்து இறங்காது. சிவராத்திரிக்கு முன்னால் ஒரு தரம் சுற்றி வந்து, விழுந்த சருகைக் கூட்டிவிடுங்கள். சருகு மூடிய உழவு உழாத மாதிரிதான். வேலிக்கு அந்தப் பக்கம், காப்புக்காட்டுக்குள் மட்டும் கலப்பையோ அருவாளோ கொண்டு போகாதீர்கள். அது வனத்துறையின் வேலை.

தோப்புக்குள் புல்லைக் குறைக்க ஆட்டுக்கிடை போடுவது நல்ல வழி. மந்தை ஓட்டிவரும் கீதாரியிடம் பேசினால் புல்லும் போகும், எருவும் சேரும். ஆனால் செம்மறி மட்டும்தான் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். கூட நாலு வெள்ளாடு வந்தால்கூட ஒட்டுக்கன்றை மொட்டையடித்துவிடும். இதுவும் பட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

பலர் கவனிக்காதது வரப்புப் பனை. காய்ந்த காவோலை தொங்கும் பனையில் தீ ஏறினால் எரியும் ஓலைத் துண்டுகள் காற்றில் பறந்து உழுத இடத்தையும் தாண்டி விழும். நீங்கள் போட்ட 14 அடி அப்போது ஒன்றுக்கும் உதவாது. பனையேறத் தெரிந்தவரைப் பிடித்து மாசிக்குள் கழித்துவிடுங்கள். ஆள் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. அதேபோல வெட்டிப்போட்ட கருவேல முள்ளால் அடைத்த வேலி. பச்சையாக நிற்கும் சீமைக்கருவேலம் சட்டென்று பற்றாது, காய்ந்த முள் அப்படியில்லை. தோப்பைச் சுற்றித் திரி வைத்த மாதிரி. கிளுவை நட்டு உயிர்வேலியாக மாற்றிக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று வருஷம் பிடிக்கும். மாம்பழம் அடுக்க வாங்கி வைக்கும் வைக்கோலும் கொட்டகையை விட்டு 30 அடி தள்ளியே இருக்கட்டும். மரத்தில் உரசும் மின்கம்பி இருந்தால் மின்வாரியத்தில் சொல்லிக் கிளையை வெட்டச் சொல்லுங்கள், நீங்களே அருவாளை எடுக்காதீர்கள்.

தண்ணீருக்கு மோட்டாரை நம்ப வேண்டாம். நமக்கு வேண்டிய நேரத்தில் மும்முனை மின்சாரம் இருக்காது, இருந்தாலும் சொட்டுநீர்க் குழாய்தான் முதலில் உருகும். மேட்டில் ஒரு சின்டெக்ஸ் தொட்டி நிறைத்து வையுங்கள். மருந்தடிக்கும் 16 லிட்டர் தெளிப்பானைக் கழுவித் தண்ணீர் நிரப்பித் தயாராக வைத்தால் புல்தீக்கு அதைவிடச் சிறந்த ஆயுதம் கிடையாது. தீயணைப்பு வண்டி தோப்புக்குள் வர 12 அடிப் பாதை வேண்டும், தாழ்ந்த கிளைகளைக் கழித்து வையுங்கள். கூப்பிட 101 அல்லது 112. வனக்காப்பாளர் எண்ணையும் போனில் பதிந்து கொள்ளுங்கள். டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோளில் பார்த்துக் குறுஞ்செய்தி அனுப்புகிறது, பெயர் பதியலாம். ஆனால் நம் வேலியோரத் தீ செயற்கைக்கோள் கண்ணில் படுவதற்கு முன்னால் மாமா கண்ணில் பட்டுவிடும். அதனால் நாலு பக்கத்துத் தோட்டக்காரர்களும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருங்கள். முக்கியமாக, அழகர் ஆற்றில் இறங்கும் வாரம் யார் ஊரில் இருப்பது என்று முதலிலேயே பேசி வையுங்கள். அந்த நாலு நாளும் தோப்புகளில் ஈ காக்கா இருக்காது.

மலையில் தீ தெரிந்தால் நேரத்தைப் பாருங்கள். பகலில் காற்று மலைமேல் ஏறும், தீயும் கூடவே ஏறும், சுடர் மேல்புறப் புல்லைத் தொட்டுத் தொட்டு ஓடும். பொழுது சாய்ந்தால் காற்று கீழே திரும்பும். எரியும் கட்டைகளும் உருண்டு வரும். அடிவாரத்துக்காரர்களுக்குக் காவல் அப்போதுதான். நம்மிடமிருந்து போகும் தீ பகலில் நேரே காட்டுக்குள்தான் ஏறும் என்பதையும் மறக்காதீர்கள். காப்புக்காட்டுக்கு ஆபத்தாகும்படி தீயை எரியவிடுவது 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படியே குற்றம்.

அணைக்கப் போனால் பருத்தி உடுப்பு, ஷூ. கைலியோடு போகாதீர்கள். தீக்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டிலிருந்து, எரிந்து முடிந்த பக்கமாக நின்று, பச்சைக் குழையை ஓங்கி வீசாமல் அமுக்கி அடிக்க வேண்டும். ஓங்கினால் பொறி பறக்கும். சுடர் இடுப்புக்கு மேல் எழுந்தால் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். தப்பிக்க மேட்டை நோக்கி ஓடவே கூடாது. கருகிய தரைக்குப் போய்விட வேண்டும். 2018 மார்ச் 11இல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பிடித்த தீயில் 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல், சரிவு, காற்று, மூன்றும் நம் அடிவாரத்திலும் இருக்கிறது.

எரிந்த மரத்தை உடனே வெட்டாதீர்கள். பட்டையைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். அடியில் ஈரமாக வெளுப்போ பச்சையோ தெரிந்தால் உயிர் இருக்கிறது. வெயில் சுடாமல் இருக்கத் தண்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு மழைக்குக் காத்திருங்கள். எங்களுடைய 11இல் ஆறு மரம் ஆடியில் துளிர்த்தன. இரண்டை நான் அவசரப்பட்டு முன்பே வெட்டிவிட்டேன். அதில் ஒரு அடிக்கட்டை ஆவணியில் துளிர்விட்டது, ஆனால் ஒட்டுக்குக் கீழேயிருந்து. இனிமேல் அது கல்லாமை காய்க்காது, நாட்டு மாங்காய்தான். பிடுங்கிவிடலாம் என்றேன். "இருந்துட்டுப் போகட்டும்டா, ஊறுகாய்க்கு ஆகும்" என்று அப்பா விடவில்லை. இன்னும் காய்க்கவில்லை.